‘க’வில் நின்ற கணினி

இந்த வாரம் ஒரே ஒரு விசையைப் பற்றிப் பேசுவோம். விசைப்பலகையின் இடப்பக்கம், எதிரெதிராக இரண்டு அம்புக்குறிகள் போட்டு ஒரு விசை இருக்குமே, அந்த டேப் விசைதான்.

சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் எங்கள் அறிவியல் கழக மாணவர்கள் கெடாவின் ஊர்களுக்கு மழையளவுக் குறிப்பு எழுதிவந்தார்கள். ஊருக்கு ஒரு கோப்பு. கோப்பின் பெயர் ஊரின் பெயர், அதுவும் தமிழில். ஒரு கோப்புறையில் கூலிம், குவாலாகெட்டில் என்று இரண்டே கோப்புகள் இருந்தன. நான்காம் படிவ மாணவி ஒருத்தி லினக்ஸ் கணினியின் கட்டளை வரியில், கோப்பைத் திரையில் காட்டும் கட்டளையைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, டேப் விசையை அழுத்தினாள். திரையில் ‘க’ என்று ஓர் எழுத்து வந்து அப்படியே நின்றுவிட்டது.

“டீச்சர், ஒரு கோப்பு ‘கூ’வில் தொடங்குது, இன்னொன்னு ‘கு’வில் தொடங்குது. இந்த ‘க’ எங்கேருந்து வந்துச்சு?”

நானும் திரையைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ‘க’ என்று தொடங்கும் கோப்பே அங்கே இல்லை. அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை. தேடிப் படித்தபின் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் டேப் விசை என்ன செய்கிறது என்று பார்ப்போம். கட்டளை வரியில் வேலை செய்பவர்களுக்குச் சுட்டி கிடையாது. கோப்பின் பெயரை முழுக்கத் தட்ட வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று கணினி சொல்லிவிடும். அதனால் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டிவிட்டு டேப்பை அழுத்தினால், மீதியைக் கணினியே நிரப்பும். இதைக் கோப்புப் பெயர் நிறைவு என்று சொல்லலாம்.

இது ஊகம் அல்ல. கைப்பேசியில் தமிழில் தட்டும்போது மேலே சொற்கள் வரிசையாக வரும் அல்லவா? நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலியில் பார்த்திருப்பீர்கள். அங்கே நீங்கள் எந்தச் சொல்லை எழுதப்போகிறீர்கள் என்று செயலி கணித்துச் சொல்கிறது. கணிப்பு தவறினாலும் தவறலாம். டேப் விசை அப்படிக் கணிப்பதில்லை. கோப்புறையில் உண்மையில் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து, இருப்பதை மட்டுமே சொல்கிறது.

தோட்டத்தில் வளர்ந்த உங்கள் தாத்தா பாட்டியிடம் ‘பெரட்டு’ என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். விடிவதற்கு முன்பே எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்க, கிராணி செக்ரோல் புத்தகத்தைப் பிரித்துப் பெயர் கூப்பிடுவார். இப்போது ஒரு கற்பனை. நீங்கள் கிராணியிடம் போய் ‘முனி’ என்று மட்டும் சொல்கிறீர்கள். அவர் புத்தகத்தின் முதல் வரியிலிருந்து விரலை வைத்துக்கொண்டே இறங்குகிறார். ‘முனி’ என்று தொடங்கும் பெயர் ஒன்றே ஒன்று இருந்தால் முழுப் பெயரையும் சொல்லிவிடுவார். முனியம்மா, முனியப்பன் என்று இருவர் இருந்தால்? யார் என்று அவரால் முடிவு செய்ய முடியாது. ஆனால் ‘முனிய’ வரைக்கும் இரண்டு பெயரும் ஒன்றுதானே? அதுவரை சொல்லிவிட்டு, மேற்கொண்டு நீங்களே சொல்லுங்கள் என்று நிறுத்திவிடுவார். டேப் விசையும் இதையேதான் செய்கிறது. இரண்டாவது முறை அழுத்தினால் ‘இன்னார் இன்னார் இருக்கிறார்கள்’ என்று பட்டியலையே காட்டிவிடும். பட்டியல் 100 பெயரை எட்டிவிட்டால், எல்லாவற்றையும் காட்டட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளும்.

இந்த வசதி புதியதல்ல. அமெரிக்காவில் பிபிஎன் என்ற நிறுவனம் உருவாக்கிய டெனெக்ஸ் என்ற இயங்குதளத்தில், பாதிப் பெயரைத் தட்டி எஸ்கேப் விசையை அழுத்தினால் மீதி வரும். கென் கிரீர் என்பவர் 1970களில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அதற்கான நிரலை எழுதத் தொடங்கி, 1981இல் அதை யூனிக்ஸின் சி ஷெல்லுக்குள் கொண்டுவந்தார். இன்றைக்கும் அந்த ஷெல்லின் பெயர் ‘டி’ என்ற எழுத்தோடு தொடங்குகிறது. அந்த ‘டி’ டெனெக்ஸைக் குறிக்கும். 1989இல் பிரையன் ஃபாக்ஸ் பாஷ் என்ற ஷெல்லை வெளியிட்டார். வரியைத் திருத்துவதும் பெயரை நிறைவு செய்வதும் எல்லா நிரல்களுக்கும் பயன்படுமே என்று, அந்தப் பகுதி தனி நூலகமாக வைக்கப்பட்டது. அதுதான் ரீட்லைன். பின்னர் அதை ஒஹையோ மாநிலத்தின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செட் ரேமி ஏற்றுப் பராமரித்து வருகிறார்.

நூலகம் என்றதும் புத்தக அலமாரியை நினைக்காதீர்கள். சி மொழியில் நூலகம் என்பது, யாரோ எழுதிச் சோதித்து வைத்திருக்கும் செயற்கூறுகளின் தொகுப்பு. நம் நிரலிலிருந்து அவற்றைப் பெயர் சொல்லி அழைக்கலாம். இரவல் வாங்குவதற்கு ஒரு விதியும் உண்டு. ரீட்லைனைச் சேர்த்த நிரலைப் பிறருக்கு வழங்கினால், உங்கள் மூல நிரலையும் அதே ஜிஎன்யூ பொது உரிமத்தின்கீழ்த் தர வேண்டும். 1992இல் சிலிஸ்ப் என்ற மென்பொருளை எழுதிய புரூனோ ஹைபிளுக்கும் ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கும் இதைப் பற்றிக் கடிதப் போக்குவரத்தே நடந்தது. முடிவில் சிலிஸ்ப் அந்த உரிமத்துக்கு மாறியது. வீட்டில் பழகிப் பார்க்க இந்தக் கவலை எதுவும் வேண்டாம்.

இனி உள்ளே போவோம். ரீட்லைனில் கோப்புப் பெயர்களைத் தேடித் தரும் செயற்கூறின் பெயர் ஆர்எல் ஃபைல்நேம் கம்ப்ளீஷன் ஃபங்ஷன். சி மொழியில் எழுதும்போது சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும். பெயர் நீளமாக இருப்பதால் நாம் ‘கிராணி’ என்றே கூப்பிடுவோம்.

கிராணியிடம் இரண்டு பொருள்களைக் கொடுக்க வேண்டும். ஒன்று, நீங்கள் தட்டிய அரைகுறைப் பெயர். மற்றது ஓர் எண். எண் 0 என்றால் ‘புத்தகத்தை முதலிலிருந்து பிரி’ என்று பொருள். 0 அல்லாத வேறு எண் என்றால் ‘விட்ட இடத்திலிருந்து தொடர்’ என்று பொருள். கிராணி ஒரு தடவைக்கு ஒரே ஒரு பெயரைத்தான் திருப்பித் தருவார். அடுத்த பெயர் வேண்டுமென்றால் மறுபடியும் அழைக்க வேண்டும். பெயர்கள் தீர்ந்துவிட்டால் ‘நல்’ என்ற வெற்றுச் சுட்டைத் தருவார்.

0 கொடுத்து அழைத்ததும் என்ன நடக்கிறது? தட்டிய பெயரில் சாய்வுக்கோடு இருந்தால், கடைசிச் சாய்வுக்கோட்டில் அது இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. இடப்பக்கம் இருப்பது கோப்புறை. வலப்பக்கம் இருப்பது தேட வேண்டிய பெயரின் தொடக்கம். பிறகு ஓப்பன்டிர் என்ற கட்டளை கோப்புறையைத் திறக்கிறது. ரீட்டிர் என்ற கட்டளை அதிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறது. படித்த பெயரின் தொடக்கம் நாம் தட்டியதோடு பொருந்தினால் அதுவே விடை. பொருந்தாவிட்டால் அடுத்த பெயர். எல்லாம் முடிந்ததும் குளோஸ்டிர் கோப்புறையை மூடுகிறது.

இங்கே கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சி மொழியில் ஒரு செயற்கூறு முடிந்ததும் அதன் உள்ளே இருந்த சாதாரண மாறிகள் அழிந்துவிடும். அப்படியானால் அடுத்த அழைப்பில் ‘விட்ட இடம்’ கிராணிக்கு எப்படித் தெரியும்? அதற்காகத்தான் சில மாறிகளுக்கு முன்னால் ‘ஸ்டேட்டிக்’ என்ற சொல்லை எழுதியிருக்கிறார்கள். ஸ்டேட்டிக் மாறி, செயற்கூறு முடிந்த பிறகும் தன் மதிப்பை இழக்காது. செக்ரோலில் கிராணி வைத்த விரல் போல அது அந்த இடத்திலேயே இருக்கும். ஸ்டேட்டிக் எதற்கு என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் இப்போது இந்த உதாரணத்தைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. கிராணி தரும் ஒவ்வொரு பெயரும் மால்லாக் என்ற செயற்கூறு மூலம் நினைவகத்தில் கேட்டு வாங்கிய இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஏனென்றால் வேலை முடிந்ததும் ரீட்லைன் அந்த இடத்தைத் தானாகவே விடுவித்துவிடும். ரீட்லைனுக்காக நீங்கள் சொந்தமாக ஒரு ‘கிராணி’யை எழுதி, அதில் மேற்கோள் குறிக்குள் எழுதிய ஒரு சொல்லை அப்படியே திருப்பி அனுப்பினால், வாங்காத கடனை அடைப்பது போல ஆகிவிடும். நிரல் பெரும்பாலும் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நானும் சறுக்கியிருக்கிறேன்.

கிராணி தரும் பெயர்களை ஒன்றுசேர்ப்பவர் வேறொருவர். அவர் பெயர் ஆர்எல் கம்ப்ளீஷன் மேட்சஸ். ‘நல்’ வரும்வரை கிராணியை அழைத்துக்கொண்டே இருந்து, வந்த பெயர்களை ஓர் அணியில் அடுக்குகிறார். ஆனால் அணியின் முதல் இடத்தில் பெயர் எதுவும் இருக்காது. அந்த இடம் எல்லாப் பெயர்களுக்கும் பொதுவான தொடக்கத்துக்கு ஒதுக்கப்பட்டது. திரையில் நிரப்பப்படுவது அதுதான். சுங்கைப்பட்டாணி, சுங்கைலாலாங் என்று இரண்டு கோப்புகள் இருந்தால் முதல் இடத்தில் ‘சுங்கை’ இருக்கும். இரண்டாம், மூன்றாம் இடங்களில் முழுப் பெயர்கள். அதற்குப் பிறகு ‘நல்’.

அப்படியானால் மாணவியின் கேள்வி இப்படி மாறுகிறது: கூலிம், குவாலாகெட்டில் இரண்டுக்கும் பொதுவான தொடக்கம் எது?

உங்களைக் கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்பீர்கள். கூ வேறு எழுத்து, கு வேறு எழுத்து. ஒன்றாம் ஆண்டிலேயே படித்துவிட்டோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ஆனால் கணினியில் இந்த 247க்கும் தனித்தனி எண் இல்லை. யூனிகோட் முறையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள்தான் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றிலும் பல இடங்கள் காலியாகவே இருக்கின்றன. ‘க’வுக்கு எண் 2965. ‘கு’வுக்குத் தனி எண் கிடையாது. க, அதன்பின் உகரக் குறி, அதாவது 2965, 3009. ‘கூ’ என்பது 2965, 3010. மெய்யெழுத்தும் அப்படித்தான். ‘க்’ என்பது 2965, அதன்பின் புள்ளிக்கான 3021.

ஆக, கணினியின் கண்ணில் கூலிமும் குவாலாகெட்டிலும் 2965 என்ற ஒரே எண்ணில்தான் தொடங்குகின்றன. இரண்டாவது எண்ணில்தான் பிரிகின்றன. பொதுவான தொடக்கம் 2965. திரையில் ‘க’.

விடை கிடைத்துவிட்டது. ஆனால் இத்தோடு விட்டுவிட எனக்கு மனமில்லை. ஏனென்றால் ஒரு காலத்தில் இதைவிட மோசமாக இருந்தது.

2965 போன்ற எண்ணை ஒரே பைட்டில் அடக்க முடியாது. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் எழுதலாம். யூடிஎஃப் 8 என்ற முறை தமிழின் ஒவ்வொரு குறியீட்டையும் மூன்று பைட்டுகளாக எழுதுகிறது. முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. ‘கு’ என்பது 224, 174, 149, 224, 175, 129. ‘கூ’ என்பது 224, 174, 149, 224, 175, 130. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். முதல் ஐந்து பைட்டுகள் ஒன்றே! ஆறாவதில்தான் வேறுபாடு.

பழைய சி நிரல்கள் பைட்டையே எழுத்து என்று எடுத்துக்கொண்டன. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் அவர்களுக்கு அதில் சிக்கல் வரவில்லை. அந்தக் கணக்கில் நம் இரண்டு ஊர்களுக்கும் பொதுவான தொடக்கம் ஐந்து பைட்டுகள். மூன்று பைட்டுக்கு ‘க’ வரும். மீதி 224, 175 இரண்டும் அரை எழுத்து. அதைத் திரையில் காட்ட வழியே இல்லை. கேள்விக்குறியோ கட்டமோ வந்து நிற்கும். 2002இல் வெளிவந்த ரீட்லைன் 4.3 பதிப்பில்தான் பல பைட் எழுத்துகளுக்கான ஆதரவு சேர்க்கப்பட்டது. அதன்பிறகு பொதுத் தொடக்கத்தைக் கணக்கிடும்போது முழுக் குறியீடாக ஒப்பிடுகிறார்கள். நடுவில் வெட்டுவதில்லை. நம் மாணவிக்கு அரை எழுத்து வராமல் ‘க’ வந்ததற்கு அந்த வேலையே காரணம்.

அதாவது நூலகம் பைட்டிலிருந்து குறியீட்டுக்கு ஏறி வந்துவிட்டது. குறியீட்டிலிருந்து எழுத்துக்கு இன்னும் ஏறவில்லை. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றபோது, உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் டேஸ் 16 என்ற முறையையும் கூடவே அறிவித்தது. அதில் கு, கூ இரண்டும் வேறு வேறு எண்கள். ஆனால் உலகின் கணினிகளும் கைப்பேசிகளும் யூனிகோடில்தான் ஓடுகின்றன. எனவே சிக்கலைத் தீர்க்க வேண்டிய இடம் நிரல்தான் என்பது என் கருத்து.

இந்தச் சிக்கலை இன்னும் தெளிவாகக் காட்ட ஓர் உதாரணம். பால்மரம், பாலம் என்று இரண்டு கோப்புகள். நமக்குப் பா, ல், ம, ர, ம் ஒன்று. பா, ல, ம் மற்றொன்று. பொதுவானது ‘பா’ மட்டும். கணினி ‘பால’ வரை நிரப்பிவிட்டு நிற்கும். ஏனென்றால் ‘ல்’ என்பது அதற்கு ல, அதன்பின் புள்ளி. இப்போது உங்களுக்குப் பால்மரம் வேண்டும். புள்ளியை மட்டும் தனியாகத் தட்ட வேண்டும். அதற்கு விசை உள்ள விசைப்பலகை என்றால் சரி. இல்லையென்றால் ‘ல’வை அழித்துவிட்டு ‘ல்’ என்று மறுபடி தட்ட வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்த வந்த விசை நமக்கு ஒரு வேலையைக் கூட்டிவிட்டது!

இதைச் சரிசெய்ய முடியுமா? முடியும். ரீட்லைனை எழுதியவர்கள் அதற்கு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். ஆர்எல் அட்டெம்ப்டட் கம்ப்ளீஷன் ஃபங்ஷன் என்று ஒரு சுட்டு இருக்கிறது. அதில் உங்கள் சொந்தச் செயற்கூறின் பெயரை வைத்துவிட்டால், டேப்பை அழுத்தும்போதெல்லாம் ரீட்லைன் முதலில் உங்களிடம்தான் வரும். தட்டிய சொல், அது வரியில் தொடங்கும் இடம், முடியும் இடம் ஆகிய மூன்றையும் கொடுக்கும். நீங்கள் ‘நல்’ என்று திருப்பினால் ‘எனக்குத் தெரியாது, வழக்கம்போல் செய்துகொள்’ என்று பொருள். ஓர் அணியைத் திருப்பினால் அதையே ஏற்றுக்கொள்ளும். ரீட்லைன் கையேட்டிலுள்ள மாதிரி நிரலில், தொடங்கும் இடம் 0 என்றால் கட்டளைப் பெயர்களைத் தேடுகிறது. இல்லையென்றால் ‘நல்’ தந்து கோப்புத் தேடலை ரீட்லைனிடமே விட்டுவிடுகிறது. படித்துப் பாருங்கள், அழகான நிரல்.

நம் செயற்கூறு செய்ய வேண்டியது இது. முதலில் கிராணியையும் அடுக்குபவரையும் அழைத்து அணியை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்றும் பொருந்தாமல் ‘நல்’ வந்தால் அதையே திருப்பிவிடலாம். ஒரே பெயர்தான் பொருந்தியது என்றாலும் திருத்த எதுவும் இல்லை, அப்படியே திருப்பலாம். பல பெயர்கள் வந்தால் முதல் இடத்திலுள்ள பொதுத் தொடக்கத்தின் நீளத்தை அளக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பெயரிலும் அந்த நீளத்துக்கு அடுத்து வரும் குறியீடு என்ன என்று பார்க்க வேண்டும். அது 3006 முதல் 3021 வரை உள்ள எண்ணாக இருந்தால், அது துணைக்குறி அல்லது புள்ளி. அப்படி ஒரே ஒரு பெயரில் இருந்தாலும் போதும், பொதுத் தொடக்கம் எழுத்தின் நடுவில் வெட்டுப்பட்டிருக்கிறது என்று பொருள். உடனே பொதுத் தொடக்கத்தின் கடைசிக் குறியீட்டை, அதாவது கடைசி மூன்று பைட்டுகளை நீக்க வேண்டும். நீக்கியதே ஒரு துணைக்குறியாக இருந்தால் அதற்கு முன்னாலுள்ள குறியீட்டையும் நீக்க வேண்டும். சி மொழியில் நீக்குவது சுலபம். சரம் முடிய வேண்டிய இடத்தில் 0 என்ற பைட்டை எழுதிவிட்டால் சரம் அங்கேயே முடிந்துவிடும்.

பால்மரம், பாலம் இரண்டுக்கும் இதைச் செய்து பாருங்கள். ‘பால’வுக்கு அடுத்து ஒன்றில் புள்ளி வருகிறது. எனவே ‘ல’ போய்விடும், ‘பா’ மிஞ்சும். கூலிம், குவாலாகெட்டில் இரண்டுக்கும் ‘க’வும் போய்விடும், ஒன்றும் மிஞ்சாது. திரையில் எதுவும் நிரப்பப்படாது. மறுபடி டேப்பை அழுத்தினால் பட்டியல் மட்டும் வரும். நம் கண்ணுக்கு அதுதானே சரி?

ஒரு பொறி இருக்கிறது, கவனம். பயனர் தாமே ‘பால’ என்று தட்டிவிட்டு டேப்பை அழுத்துகிறார் என்று வையுங்கள். நம் செயற்கூறு அதை ‘பா’ என்று சுருக்கினால் அவர் தட்டிய எழுத்தை நாமே அழித்ததாகிவிடும். எனவே பொதுத் தொடக்கம் பயனர் தட்டியதைவிடக் குட்டையாகப் போகக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்துவிடுங்கள். நான் முதலில் எழுதியபோது இதை மறந்துவிட்டேன். கண்டுபிடித்தது அதே மாணவிதான்.

கோப்புப் பெயரில் இடைவெளி விட்டால் வேறு தொல்லை. கட்டளை வரிக்கு இடைவெளி என்றால் சொல் முடிந்தது என்று பொருள். டேப் விசை இடைவெளிக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக்கோட்டைச் சேர்த்துச் சமாளிக்கும். இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போட்டுவிட்டால் தொல்லையே இல்லை.

இதே விடுமுறையில் இன்னொரு சம்பவம். வேறொரு கணினியில் உருவாக்கிய ‘கொடி’ என்ற கோப்பை ஒரு மாணவன் பென்டிரைவில் கொண்டுவந்தான். கோப்புறையில் கண்ணெதிரே இருக்கிறது. பெயரைத் தட்டினால் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்கிறது கணினி. மூன்று முறை தட்டினான். கோப்பு கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டான். இரண்டு வாரக் குறிப்பு அதில் இருந்தது, பாவம்.

கோப்பு கெடவில்லை. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க, அதன்பின் ஒகரக் குறி என்றால் 2965, 3018. க, அதன்பின் எகரக் குறி, அதன்பின் துணைக்கால் என்றால் 2965, 3014, 3006. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டையும் சமமாகவே கருத வேண்டும் என்று யூனிகோட் தரமும் சொல்கிறது. ஆனால் லினக்ஸின் கோப்பமைப்பு பொதுவாகப் பைட்டுகளைத்தான் பார்க்கும். முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். அதற்கு அவை வேறு வேறு பெயர்கள். ஆப்பிள் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு பெயர்களை இரண்டாவது விதமாகப் பிரித்தே சேமித்தது. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய உரைகளிலும் இந்தப் பிரிந்த ‘கொ’வைப் பார்க்கலாம். அவனுடைய கோப்பில் இருந்தது பிரிந்த ‘கொ’. அவன் தட்டியது சேர்ந்த ‘கொ’.

அவன் ‘கொ’ என்று தட்டி டேப்பை அழுத்தியும் பார்த்திருக்கிறான். ஒன்றும் வரவில்லை. வராதுதான், தொடக்கம் பொருந்தவில்லையே! நான் அவனை எல்லாவற்றையும் அழித்துவிட்டு ‘க’ என்று மட்டும் தட்டி டேப்பை அழுத்தச் சொன்னேன். ‘கொடி’ வந்தது. கோப்பும் திறந்தது. ‘க’வின் 2965 இரண்டு விதத்துக்கும் பொது. அதற்கு மேல் என்ன இருக்கிறது என்பதை டேப் விசை அவன் விரல்களைக் கேட்கவில்லை. வட்டில் உள்ள பைட்டுகளை அப்படியே எடுத்து வைத்துவிட்டது. மாணவியைக் குழப்பிய அதே ‘க’தான் இவன் கோப்பை மீட்டுக் கொடுத்தது.

வீட்டில் கணினி இல்லாதவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டெர்மக்ஸ் என்ற இலவசச் செயலியை நிறுவினால் பாஷ் ஷெல் கிடைக்கும். திரையின் அடியில் டேப் விசையும் இருக்கும். அதிலேயே கிளாங் என்ற சி தொகுப்பியையும் ரீட்லைன் நூலகத்தையும் இறக்கிக்கொள்ளலாம். நிரல் எழுதும்போது எஸ்டிடிஐஓ தலைப்புக் கோப்பை ரீட்லைனின் தலைப்புக் கோப்புக்கு முன்னால் சேருங்கள். தொகுக்கும்போது ரீட்லைன் நூலகத்தையும் இணைக்கச் சொல்ல மறக்காதீர்கள். மறந்தால், அந்தச் செயற்கூறையே தெரியாது என்று பிழைச் செய்தி வரும். சில முனையத் திரைகளில் தமிழ் எழுத்துகள் சிதறியும், கொம்பு இடம் மாறியும் தெரியலாம். அது திரை எழுத்தை வரையும் முறையிலுள்ள குறை. கோப்பின் பெயரில் பிழை இல்லை.

கோப்புறை ஒன்றில் பீடோங், பாடாங்செராய், பாலிங் என்று மூன்று வெற்றுக் கோப்புகளை உருவாக்குங்கள். டேப்பை அழுத்துவதற்கு முன்பே, என்ன நிரப்பப்படும் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பீடோங்கை மட்டும் அழித்துவிட்டு மறுபடி எழுதி, மறுபடி அழுத்துங்கள். இரண்டு முறையும் உங்கள் விடை திரையோடு ஒத்துப்போனால், அடுத்து அந்தத் திருத்தும் செயற்கூறை எழுதத் தொடங்கலாம்.